கலவையா, கலப்படமா?

கேள்வி: எங்கள் தெரு மளிகைக் கடையில் காபித்தூள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாக்கெட்டின் ஓரத்தில் "காபி 60%, சிக்கரி 40%" என்று இருக்கிறது. கலப்படத் தூளைக் கொடுத்துவிட்டீர்களே என்று கேட்டால், "இது கலவைம்மா, கலப்படம் இல்லை" என்கிறார் கடைக்காரர். இரண்டும் ஒன்றுதானே? கலப்படம் என்ற சொல் எங்கிருந்து வந்தது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இந்த முறை கடைக்காரர் பக்கம்தான் நியாயம்.

இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே: 'கல'. அதில் ஒரு குற்றமும் இல்லை. கலவை சாதம், கலந்து பேசுவது, கல்யாணத்தில் கலந்துகொள்வது எல்லாம் அதே வேரில் வந்தவை. (ஆற்காட்டுக்குப் பக்கத்தில் கலவை என்று ஓர் ஊரே இருக்கிறது. அந்தப் பெயருக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.) கலப்படம் என்னும்போது மட்டும் திருட்டு வாடை அடிக்கிறது. நல்ல பொருளில் மட்டமானதைத் தெரியாமல் சேர்த்து, நல்லதன் விலைக்கே விற்பது என்று பொருள் இறுகிவிட்டது. ஆங்கிலத்தின் 'அடல்டரேஷன்' வேறு ரகம். அது கெடுப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. கள்ள உறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதற்கு உறவுதான். அவர்கள் சொல்லில் பழி வேரிலேயே இருக்கிறது. நம் சொல்லில் அது வியாபாரியால் வந்து சேர்ந்தது.

நகையையே பாருங்கள். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி மாதிரி உலோகம். அதை யாரும் கலப்படம் என்பதில்லை, ஏனென்றால் 916 என்று நகையிலேயே குத்தியிருக்கிறது. அதே முத்திரையைப் போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் செம்பைச் சேர்த்தால்தான் வம்பு.

காபிக்கும் இதே கதைதான். சிக்கரி கலக்கச் சட்டமே இடம் தருகிறது. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எவ்வளவு என்று பாக்கெட்டில் இருக்க வேண்டும். உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. பொடி எழுத்தில் போட்டார்களே என்ற உங்கள் கோபம் நியாயம், அது வேறு வழக்கு. 'சுத்தமான காபி' என்று விற்கும் தூளில் சந்தேகம் வந்தால், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் இறங்கும்.

சட்டத்தின் பெயரிலும் முன்பு இந்தச் சொல் இருந்தது: 1954-இன் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 2006-இல் இயற்றி 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம். பாதுகாப்பற்றது, தரம் குறைந்தது, தவறான லேபிள் ஒட்டியது என்று அது தனித்தனியாகப் பிரித்துத் தண்டிக்கிறது. பேச்சில் நமக்கு எல்லாமே கலப்படம்தான்!

கேள்வி: சில்லறையாக வாங்கிய மிளகில் பப்பாளி விதை இருக்குமோ என்று சந்தேகம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தண்ணீரில் போடுங்கள். நல்ல மிளகு மூழ்கும், காய்ந்த பப்பாளி விதை மிதக்கும். ஆனால் உள்ளீடற்ற சொத்தை மிளகும் மிதக்கும், அதனால் மிதப்பதை எடுத்துக் கடித்துப் பாருங்கள். விதையில் மிளகின் காரம் இருக்காது.

சண்டைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அடுத்த முறை வாங்கும்போதே "இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று கடையில் சொல்லிவிடுங்கள். சட்டத்தின் 40-ஆம் பிரிவு கேட்கும் நிபந்தனை அது. கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். சரக்கு சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அப்புறம், கடைக்காரர் அந்த வார்த்தையைக் கேட்டதும் உள்ளே போய் வேறு மூட்டையிலிருந்து அள்ளுகிறாரா என்று கவனியுங்கள்.