செயற்கைக்கோள் பார்க்கும் நேரம், நாம் மூச்சு விடும் நேரம்

கேள்வி: போகியன்று விடிகாலையில் எங்கள் தெருவில் எதிர்வீடே தெரியவில்லை. ஆனால் அன்றைய செயற்கைக்கோள் படத்தில் சென்னை வழக்கம்போலவே இருந்ததே?

நேரம்தான் காரணம். எரிபொருள் எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை அளக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-5பி, 2017 அக்டோபரில் ஏவப்பட்டது. சுமார் 824 கி.மீ. உயரத்தில் சுற்றும் அது, எந்த ஊரையும் உள்ளூர் நேரப்படி பிற்பகல் 1.30 மணியை ஒட்டித்தான் அளக்கும். போகித் தீயோ இருட்டோடு எரிகிறது. அப்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து படிந்திருப்பதால் புகை மேலே போக வழியில்லை. நம் மூக்கின் உயரத்திலேயே நிற்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும். செயற்கைக்கோள் வரும்போது டயர் எரிந்த கரித்தடம் மட்டும் தெருவில் மிச்சமிருக்கும். அந்தப் படத்தைக் காட்டி ‘காற்று சுத்தம்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த விடிகாலையில் இழுப்போடு போராடிய குழந்தை அதில் இல்லை.

கேள்வி: என் தெருவை மட்டும் தனியாகப் பார்க்கலாமா?

முடியாது. சென்டினல்-5பி படத்தின் மிகச் சிறிய கட்டமே ஏறக்குறைய 5.5 × 3.5 கி.மீ. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையமும் மீனவர் குப்பமும் ஒரே கட்டத்துக்குள் விழலாம்.

கேள்வி: நுரையீரல் வரை போகும் நுண்துகளான பி.எம். 2.5 அளவைச் செயற்கைக்கோள் நேரடியாகச் சொல்லுமா?

சொல்லாது. தூசும் புகையும் சூரிய ஒளியை எவ்வளவு மங்கவைக்கின்றன என்பதைத்தான், தரையிலிருந்து வானம் வரை மொத்தமாக, செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. அதில் நம் மூச்சுக்கு வரும் பங்கு எவ்வளவு என்பதை ஈரப்பதம், காற்று கலக்கும் உயரம், தரை நிலைய அளவுகள் எல்லாம் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஈரக்காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். அதே அளவு தூசு கூடுதலாகத் தெரியும். மேகம் மூடினால் அன்றைக்கு அளவே கிடையாது.

கேள்வி: அப்படியானால் இதனால் என்ன பயன்?

அளவு நிலையமே இல்லாத ஊர்கள் ஏராளம். அங்கே நமக்கு இருக்கும் கண் இதுதான். பல மாதப் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பெரிய அனல்மின் நிலையங்கள் தனித்தனிக் கறையாகத் தெரியும். 2020 ஊரடங்கில் டெல்லியின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்டென்று குறைந்ததையும் இப்படித்தான் பார்த்தோம்.

கேள்வி: நாள் முழுக்கப் பார்க்கும் செயற்கைக்கோள் உண்டா?

தென் கொரியா 2020-ல் ஏவிய செயற்கைக்கோளில் உள்ள ஜெம்ஸ் கருவி, பகலில் மணிக்கொரு முறை ஆசியாவின் பெரும்பகுதியை அளக்கிறது. ஆனால் அதற்கும் சூரிய ஒளி வேண்டும். விடியுமுன் எரியும் போகிக்குத் தரையில் ஒரு கருவி வைத்தே ஆக வேண்டும்.