ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பியானோ முன் உட்கார்ந்திருக்க மூன்று பேர் சுற்றி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம், தானாக அமைந்ததா, ஏற்பாடு செய்ததா?

இரண்டும்தான். 1956 டிசம்பர் 4, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சன் ஸ்டுடியோ. அன்று பாட்டுப் பதிவு பாடகர் கார்ல் பெர்கின்ஸுக்கு. பியானோ வாசிக்க வந்தவர், அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத 21 வயது ஜெர்ரி லீ லூயிஸ். முந்தைய வருடமே சன்னை விட்டு ஆர்சிஏ இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போய்விட்ட எல்விஸ், பழைய இடத்தை எட்டிப் பார்க்க வந்தார். இன்னொரு பாடகர் ஜானி கேஷும் அங்கே இருக்க, சன் முதலாளி சாம் ஃபிலிப்ஸ் சும்மா இருப்பாரா? உடனே உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போன் போட்டுவிட்டார். ஆக, சந்திப்பு தற்செயல், படம் விளம்பரத்துக்கு.

பியானோ மேல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார், எல்விஸுடன் வந்தவர். பல பிரதிகளில் அவரை வெட்டிவிட்டார்கள், எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. முழுப் படத்தைத் தேடிப் பாருங்கள், நாலு நட்சத்திரங்களின் போஸ் மாதிரி இல்லாமல் நண்பர்கள் கூடிய அறையாகத் தெரியும்.

அப்புறம் அன்று இவர்கள் சேர்ந்து பாடியது பதிவான ஒலிநாடாவையும் கேளுங்கள். பாதிப் பாட்டு நடுவில் நிற்கும், பேச்சு புகுந்துவிடும், சர்ச்சில் பாடி வளர்ந்த பக்திப் பாடல்கள் வந்ததும் எல்லாக் குரலும் சேர்ந்துகொள்ளும். கேஷின் குரல் மட்டும் சரியாகப் பிடிபடாது. மைக்கிலிருந்து தள்ளி நின்றதாக அவரே பிறகு எழுதியிருக்கிறார்.