மதுரைக்குப் புதுசு: நல்ல அல்வாவும் நல்ல கேக்கும் எங்கே?

கேள்வி: ஈரோட்டிலிருந்து மாற்றலாகி மதுரைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. திருப்பாலையில் குடியிருக்கிறோம். இனிப்பு, கேக் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உயிர். ஈரோட்டில் எது எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இங்கே செல்போனில் நட்சத்திரம் பார்த்து நான்கைந்து கடைகளில் வாங்கிவிட்டோம், ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் மகளுக்கு முதல் பிறந்தநாள். மாமனார், மாமியார் உட்பட முப்பது பேர் வருகிறார்கள். கேக் எங்கே சொல்வது, ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் கையில் எதைக் கொடுத்து அனுப்புவது?

பதில்: பத்தொன்பது வருடம் மதுரையில் பேக்கரிகளுக்கும் மிட்டாய்க்கடைகளுக்கும் மைதா, சர்க்கரை, நெய், டால்டா சப்ளை செய்துகொண்டிருந்தேன். கடைகளின் முன்வாசலைவிடப் பின்வாசல்தான் எனக்கு அதிகப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பண்டமும் நன்றாக வரும் கடை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கடையிலும் அங்கே பண்டம் போடும் சரக்கு மாஸ்டரின் கைக்குப் படிந்த பண்டம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றதெல்லாம் கண்ணாடிப் பெட்டியை நிரப்புவதற்காகப் போடுவது. செல்போனில் விழும் நட்சத்திரம் மொத்தக் கடைக்கும் சேர்த்து விழுகிறது. அதில் மிக்சருக்கு விழுந்தது எத்தனை, பார்க்கிங் வசதிக்கு விழுந்தது எத்தனை என்று யாருக்குத் தெரியும்? அதை நம்பிப் போய் அந்தக் கடையின் சுமாரான பண்டத்தை வாங்கியிருப்பீர்கள். அதனால் பண்டத்தின் பெயரையும், அது அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்தையும் விசாரிக்கப் பழகுங்கள். செல்போனில் தேடினாலும் “பெஸ்ட் ஸ்வீட்ஸ்” என்று தேடாமல் “பால்பன்”, “கோதுமை அல்வா” என்று பண்டத்தின் பெயரைப் போட்டு, கடைசி இரண்டு மூன்று மாதத்தில் வந்த படங்களை மட்டும் பாருங்கள். மாஸ்டர் மாறினால் கடையும் மாறிவிடும், பழைய பாராட்டு உதவாது.

ஆட்களிடம் விசாரிப்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. “இங்க நல்ல கடை எது?” என்று கேட்டால் எல்லோரும் பெரிய போர்டு வைத்த கடையைத்தான் கை காட்டுவார்கள். வெளியூர்க்காரருக்கு அதுதான் பாதுகாப்பான பதில் என்று அவர்களுக்குத் தோன்றும். அதே ஆளிடம், “அண்ணே, உங்க வீட்டு விசேஷத்துக்கு லட்டு எங்க சொன்னீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, நீங்கள் கேள்வியே பட்டிராத சந்து ஒன்றைச் சொல்வார். ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள், பூக்கட்டும் அக்காவிடம் கேளுங்கள், கல்யாணச் சமையல்காரர் யாராவது தெரிந்தால் அவரை விடவே விடாதீர்கள். கேக்குக்கு என்றால் பள்ளிக்கூட டீச்சர்கள். வாரத்துக்கு இரண்டு பிறந்தநாள் கேக்காவது அவர்கள் வாய்க்குப் போகும்.

சரி, கடையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அது நல்ல கடையா என்று தெரிந்துகொள்ள முதல் தடவை 100 கிராம் மைசூர்பாகு மட்டும் வாங்குங்கள். கடலை மாவு, சர்க்கரை, நெய் என்று மூன்றே பொருள். எசன்ஸுக்கும் கலருக்கும் பின்னால் ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை. பழைய முறையில் செய்த, ஓட்டை ஓட்டையாக இருக்கும் மைசூர்பாகை உடைத்தால் ஓரம் வெளுத்தும் நடு கொஞ்சம் சிவந்தும் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தட்டில் கொட்டியதும் நடுவில் சூடு தங்கி, மாவு அங்கே மேலும் வறுபடும். அந்தச் சிவப்பு அப்படி வருவதுதான். இப்போது பல கடைகளில் போடும் மெத்தென்ற நெய் மைசூர்பாகில் இதைப் பார்க்க முடியாது. அதை வாயில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நெய் நம் உடம்புச் சூட்டிலேயே பெரும்பாலும் உருகிவிடும். டால்டா உருக இன்னும் கொஞ்சம் சூடு கேட்கும். அதனால்தான் தின்று முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெந்நீர் குடித்தால்தான் போகும். அந்தப் படலம் இருந்தால் “சுத்தமான நெய்” என்று போர்டில் எத்தனை பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. ஒரு கடைக்கு மாதம் எட்டு டின் நெய் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளி முடிந்ததும் அது ஐந்தானது, அப்புறம் இரண்டானது. டால்டா அதே கணக்கில் ஏறியது. போர்டும் மாறவில்லை, விலையும் மாறவில்லை. எங்கள் வீட்டுக்கும் அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆர்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அன்று மாலை என் மகள் அந்த மைசூர்பாகைச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் முதல் அங்கே வாங்குவதை நிறுத்தினேன். ஆனால் சரக்குக் கொடுப்பவன் என்பதால் வெளியே யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. டால்டா இன்று பழைய டால்டா இல்லை என்பது உண்மைதான். எண்ணெய், கொழுப்பு வகைகளில் உடம்புக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. இருந்தாலும் நெய்க்கான காசை வாங்கிக்கொண்டு டால்டாவைக் கொடுப்பது ஏமாற்றுதான்.

கல்லாவில் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். சில்லறையாக எடை போட்டு விற்கும் இனிப்புத் தட்டிலும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் உள்ள விதி. அந்தச் சீட்டு இருக்கிறதா, அதில் தேதி தினமும் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஒரே தேதியை லேமினேட் செய்து வைத்திருக்கும் கடையும் உண்டு. அடுத்தது எடை. அட்டைப் பெட்டியைச் சேர்த்து நிறுத்தால் தயங்காமல் கேளுங்கள், நீங்கள் காசு கொடுப்பது பண்டத்துக்கு.

இப்போது ஊருக்குள் வருவோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடும்பத்தோடு விளக்குத்தூணில் இறங்குங்கள். 1830, 40களில் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம் அது. மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தது அவர் காலத்தில்தான். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் வளையம் வளையமாகப் போவதால் எங்கே தொலைந்தாலும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம். பழைய மதுரையின் இனிப்பு பெரும்பாலும் இந்த வளையங்களுக்குள்தான் இருக்கிறது. விளக்குத்தூண் பக்கத்திலேயே நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க்கடை. அங்கே பெட்டி கட்டி வாங்குவதற்கு முன்னால், சூடாக 50 கிராம் அல்வா கேட்டு வாங்கி நின்றுகொண்டே சாப்பிடுங்கள். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையோடு மணிக்கணக்கில் கிண்டி, நெய்யைக் குடிக்கவைத்து, குடித்த நெய்யை அது திரும்பக் கக்கும்போது இறக்குவதுதான் அல்வா. சூட்டோடு சாப்பிடும்போது விரலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும், நெய் மணத்துக்குப் பின்னால் கோதுமைப் பாலின் லேசான புளிப்பு வாசம் வரும். ஆறிய அல்வாவில் அந்த வாசம் பாதி போய்விடும். ஒரு முறை இந்தச் சூட்டில் சாப்பிட்டுவிட்டால், அப்புறம் எந்த ஊரில் அல்வா வாங்கினாலும் உங்களுக்கு அளவுகோல் இதுதான். ரயில் நிலையத்துப் பக்கம் போனால் பிரேமா விலாஸ் அல்வாவையும் இதே மாதிரி சூடாக வாங்கிப் பாருங்கள். எது உயர்த்தி என்று மதுரைக்காரர்கள் சண்டை போடுவார்கள். என் கட்சி விளக்குத்தூண்.

அதே இடத்தில் ஜிகர்தண்டாவும் இருக்கிறது. மதுரையில் தெருவுக்கு ஒரு ஜிகர்தண்டா கடை முளைத்துவிட்டதால் இதிலும் பார்த்து வாங்க வேண்டும். பாலின் நிறத்தைக் கவனியுங்கள். நன்றாகச் சுண்டக் காய்ச்சிய பால் இளம் பழுப்பாக இருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்டக் காய்ச்சவில்லை, ஐஸ்கிரீமை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று அர்த்தம். அடியில் கிடக்கும் பாதாம் பிசின் ராத்திரி முழுக்க ஊறிக் கண்ணாடி மாதிரி குழைந்திருக்க வேண்டும். நடுவில் கடினமாகப் பல்லில் தட்டுப்பட்டால் அவசரத்தில் ஊறவைத்தது. நன்னாரி சர்பத்துக்கு வேரின் மண்வாசம் உண்டு. வெறும் தித்திப்பும் சிவப்பும் மட்டும் இருந்தால் அது எசன்ஸ்.

பெரிய கடைகளிலேயே நின்றுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். மதுரையின் உண்மையான இனிப்பு டீக்கடையிலும் தள்ளுவண்டியிலும் கிடக்கிறது. நாலு மணி வாக்கில் டீக்கடைச் சட்டியிலிருந்து இறங்கும் பால்பன்னைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? மேலே சர்க்கரைப் பாகு உறைந்து பொறுபொறுவென்று வெடித்திருக்கும், உள்ளே பஞ்சு. ஆறு மணிக்கு மேல் வாங்கினால் பாகு இளகிப் பிசுபிசுத்துவிடும். கச்சாயம், சுசியம் எல்லாம் அந்த நேரத்துச் சரக்குதான். இருட்டியதும் பருத்திப்பால் வண்டி வரும். ஊறவைத்து ஆட்டிய பருத்திக் கொட்டைப் பாலில் அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய் போட்டுக் காய்ச்சியது. ஈரோட்டு மாமனாருக்கு இது புதுசாக இருக்கலாம், கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.

பேக்கரிக்கு வருவோம். பேக்கரியைச் சோதிக்க ஒரு சாதா பன் போதும். கையால் பிய்த்தால் நார் நாராக வர வேண்டும், ஈஸ்ட் வாசம் மட்டும் லேசாக இருக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் நேற்றையது. ரொட்டி விடிகாலையிலும் பப்ஸ், தேங்காய் பன் எல்லாம் பிற்பகலிலும் இறங்குவது பெரும்பாலான கடைகளில் வழக்கம். “அடுத்த ட்ரே எப்ப வரும்?” என்று இரண்டு தடவை கேட்டால் கடைப் பையனே மூன்றாவது தடவை சொல்லிவிடுவான். கேக் அங்கேயே போடுகிறார்களா, வேறு இடத்திலிருந்து வருகிறதா என்பதையும் கேளுங்கள். வெளியிலிருந்து வருவது தப்பில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு வாங்கலாம்.

பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால், அதே வகையில் ஒரு பேஸ்ட்ரி துண்டு வாங்கிச் சாப்பிடுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் வெனிலா எசன்ஸ் மூக்கில் ஏறினால் அந்தக் கடை வேண்டாம். ஸ்பாஞ்சை விரலால் அழுத்தி எடுங்கள், எழுந்து வர வேண்டும். சொதசொதவென்று பாகில் ஊறிக் கிடந்தால் பெரும்பாலும் பழைய ஸ்பாஞ்சை மறைக்கிற வேலை. கிரீமைப் பொறுத்தவரை, பாலிலிருந்து எடுத்த கிரீமா, தாவர எண்ணெயில் செய்த கிரீமா என்று நேராகவே கேளுங்கள். பால் கிரீமுக்கு ருசி அதிகம், ஆனால் மதுரை வெயிலில் சீக்கிரம் உருகி வழியும். முப்பது பேர் கூடும் வீட்டில், மின்விசிறிக் காற்றில், குழந்தை தூங்கி எழுந்து வரும்வரை மேசையில் காத்திருக்கப் போகும் கேக் அது. மற்ற கேக்குகளுக்கு எப்படியோ, இதற்குத் தாவரக் கிரீமையோ, கிரீமே இல்லாத பிளம், வெண்ணெய் கேக்கையோ நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது பேருக்கு இரண்டரைக் கிலோ தாராளம். திருப்பாலையிலிருந்து அரை மணி நேரத்தில் போய் வரக்கூடிய கடையில் சொல்லுங்கள். விழாவுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நீங்களே போய் எடுத்து, பைக்கில் இல்லாமல் காரில் ஏசி போட்டுக் கொண்டுவாருங்கள்.

ஊருக்குக் கொடுத்து அனுப்ப நெய் அல்வாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ் சூட்டையும் தாங்கும், ஈரோடு போய்ச் சேர்ந்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்வரை நன்றாக இருக்கும். ரசகுல்லா மாதிரியான பால் இனிப்புகளை இரண்டு நாளிலும், கோவா இனிப்பு வகைகளை நான்கு நாளிலும் சாப்பிட்டுவிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. முந்திரி கத்லிக்கு ஏழு நாள் தாங்கும். அந்தக் கணக்கில் பார்சல் கட்டுங்கள்.

மாமனார் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், திருமங்கலம், தே.கல்லுப்பட்டி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிக்கொண்டு போங்கள். 75 கிலோமீட்டர் இருக்கும். ஆண்டாளைச் சேவித்துவிட்டு, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பால்கோவாவைக் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கலாம். பாலும் சர்க்கரையும் மட்டும்தான் அதில். ஒரு கடையில் கொஞ்சம் சாம்பிள் கேளுங்கள், பக்கத்துக் கடையிலும் கேளுங்கள். திரிதிரியாக, கைச்சூட்டோடு இருப்பதை வாங்கி, மூடியை இறுக்காமல் ஆறவிட்டுப் பிறகு கட்டச் சொல்லுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து, ஈரோடு போவதற்குள் புளித்துவிடும்.