பூட்டிய வீடுகளின் கதை

கேள்வி: எங்கள் செட்டிநாட்டு ஊருக்கு வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் நிறைய வருகிறார்கள். வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டு, எதுவும் புரியாமலே திரும்பிவிடுகிறார்கள். ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து அவர்களுக்கென ஒரு கையேடு தயாரிக்க விரும்புகிறோம். அதில் என்ன எழுதலாம்?
- ஒரு வாசகர், காரைக்குடி வட்டாரம்

பதில்: அவசியமான முயற்சி. பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவற்றுக்கு ஒரு பத்தி போதும். இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதுதான் வருகிறவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி. அதற்கு ஊராரே விடை சொல்ல வேண்டும். மணமான ஒவ்வொரு குடும்பத்தையும், இவ்வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தார் ஒரு புள்ளியாகக் கணக்கிடுவதையும், ஒரே வீடு பல புள்ளிகளுக்குப் பொதுவாக இருப்பதையும், எங்கெங்கோ வாழும் பங்காளிகள் கல்யாணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் இங்கே வந்து கூடுவதையும் விளக்கினால், கைவிடப்பட்ட மாளிகை என்று எண்ணி வந்தவர் அதை ஒரு குடும்பத்தின் வீடாகப் பார்க்கத் தொடங்குவார். படைப்பு நடந்துகொண்டிருந்த வீட்டின் முகப்பில் ஏறி, உள்முற்றப் பகுதியான வளவுக்குள் கேமராவை நீட்டியவர்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். அது என்ன சடங்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே, 'அனுமதி கேட்டு நுழையவும்' என்பதோடு நிறுத்தாமல், ஏன் கேட்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

இவ்வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூ அச்சை இருத்தி, வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை இட்டு நிரவி, இறுகிய பின் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது; அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. கைவேலை என்பதால் ஒரு கல்லைப் போல் இன்னொன்று இராது. இவற்றைத் தொழிலாளர்களிடமே கேட்டு, அவர்கள் வழங்கும் சொற்களிலேயே எழுதுங்கள். பனையோலைக் கூடையான கொட்டானை முடையும் பெண்களையும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்பவர்களையும் விட்டுவிட்டால், ஊரில் பாதி கையேட்டுக்கு வெளியே நின்றுவிடும். பட்டறைக்கு எப்போது போகலாம், விலை எவ்வளவு என்பதையும் அவர்கள் ஒப்புதலோடு சேருங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஊரின் வயதான ஆச்சி ஒருவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். வெளியாருக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் கருதுவதை, விவாதிக்காமல் நீக்கிவிடுங்கள்.