தாத்தாவுக்கு ஒரு பாட்டி வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை ஆண்டாக ஒரு பியர்டட் டிராகன், அதாவது தாடி வைத்த ஓணான் வகை, வளர்கிறது. தாடி இருப்பதால் என் மகள் அதற்குத் ‘தாத்தா’ என்று பெயர் வைத்துவிட்டாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், “ஒற்றை உயிரை இப்படி அடைத்து வைப்பது பாவம், ஒரு ஜோடி பார்த்து விடு” என்கிறார். ஜூன் மாதத்திலிருந்து அது சரியாகச் சாப்பிடுவதில்லை. கட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பெட்டியின் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தால் தாடி கறுத்துவிடுகிறது. துணைக்கு ஏங்குகிறதோ? இன்னொன்று வாங்கி அதே பெட்டியில் விடலாமா, டாக்டர்?
— வாசகி, வென்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: வேண்டாம், அம்மா. பாட்டி தேட வேண்டாம்.

உங்கள் மாமியார் சொன்னது கிளிக்குப் பொருந்தும், ஆட்டுக்கும் பொருந்தும். தாத்தாவுக்குப் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தில் வேலிக் கம்பத்திலோ பட்ட மரத்திலோ தனியாக ஏறி உட்கார்ந்து வெயில் காய்கிற பிராணி அது. நம் ஊர் ஓணானுக்கு உறவு முறை. இரண்டும் ஒரே அகாமிடே குடும்பம். நான் விருதுநகர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டுக் கருவேல வேலியில் ஓர் ஆண் ஓணான் இருக்கும். இன்னொரு ஆண் ஏறிவிட்டால் தலையை ஆட்டி, கழுத்தைச் சிவக்க வைத்து, துரத்திவிட்டுத்தான் ஓயும். அது கும்பிடுகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம். “என் இடம், இறங்கு” என்று அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

உங்கள் தாத்தா கண்ணாடியைப் பார்த்துத் தாடியைக் கறுக்க வைப்பதும் அதே பேச்சுதான். நிழலையே பொறுக்காதது நிஜத்தைப் பொறுக்குமா? பெட்டியின் அந்தப் பக்கத்தில் வெளியிலிருந்து ஒரு பழுப்புத் தாளை ஒட்டிவிடுங்கள்.

ஒரே பெட்டியில் வளர்ந்த இரண்டை ஒரு முறை என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய குஞ்சுகள். “ஒன்றின் மேல் ஒன்று படுத்துத்தான் தூங்கும், அவ்வளவு பாசம்” என்றார் அந்த அம்மாள், கைப்பேசியில் படம்கூடக் காட்டினார். தராசில் வைத்தேன். மேலே படுப்பது 420 கிராம், கீழே படுப்பது 190. விளக்கின் சூடும் புற ஊதாக் கதிரும் மேலே இருப்பதற்குத்தான் கிடைத்தன; கீழே இருந்தது அதன் நிழலில் கிடந்தது. சின்னதற்கு இரண்டு விரல் நுனிகள் இல்லை, வால் நுனியும் இல்லை. பல்லிக்கு வால் முளைப்பதுபோல் இதற்கு முளைக்காது. பெரியது பக்கத்தில் வரும்போதெல்லாம் சின்னது முன்னங்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றியது. அந்த அம்மாள் அதை “டாட்டா காட்டுகிறது” என்றார். “அடங்கிப் போகிறேன், விட்டுவிடு” என்பதே அதன் பொருள். தனிப் பெட்டிக்கு மாற்றிய பிறகுதான் சின்னது ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியது.

ஆணும் பெண்ணும் என்றால் சிக்கல் வேறு. ஆண் விடாமல் துரத்திக் கழுத்தைக் கடிக்கும். ஒரு முறை சேர்ந்தாலே பெண் விந்தைச் சேமித்து வைத்துப் பல முறை முட்டையிடும், ஒவ்வொரு முறையும் இருபது முட்டை அளவில் இடக்கூடும். அத்தனை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதன் எலும்பிலிருந்தும் போகும். இரண்டும் பெண் என்றாலும் ஒன்று மற்றதை மிரட்டும். வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரியும் புது ஓணான் குடல் ஒட்டுண்ணியையோ அடினோ வைரஸ் என்ற நோய்க்கிருமியையோ கூடவே கொண்டுவரலாம். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும், நினைவுபடுத்துங்கள்.

ஜூன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிட்னிக்கு அது குளிர்காலம். முதல் ஆண்டைக் கடந்த ஓணான்கள் பல அப்போது சாப்பாட்டைக் குறைத்து, இருட்டான மூலை தேடி, வாரக்கணக்கில் மந்தமாகக் கிடக்கும். பெரும்பாலும் அது ஏக்கம் அல்ல, பருவம். ஆனால் நோய்வாய்ப்பட்டாலும் இப்படித்தான் கிடக்கும் என்பதால் ஒரு முறை ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் காட்டி, எச்சத்தைச் சோதித்துவிடுங்கள். புற ஊதா விளக்கு எப்போது வாங்கியது? ஓராண்டு தாண்டியிருந்தால், வெளிச்சம் வந்தாலும் கதிர் குறைந்திருக்கும், மாற்றிவிடுங்கள். வெயில் காயும் கட்டையின் மேல் 40 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். படுத்தே கிடப்பதை எழுப்பிச் சுவர்க்கோழிகளை ஊட்டாதீர்கள். சூடு இல்லாத வயிற்றில் இரை செரிக்காமல் அழுகும்.

துணை என்று ஏதாவது செய்தே ஆக வேண்டுமானால் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, தாத்தாவை அதில் உட்கார வைத்து, எடையை எழுதி வரட்டும். மந்தமாகக் கிடக்கும் காலத்தில் எடை பெரிதாக இறங்கக் கூடாது. இறங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். செப்டம்பரில் வெயில் ஏறியதும் தாத்தா தானே கட்டை மேல் ஏறிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரை எழுதிய தாளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.