சாக்ஸ் போடக் கற்றுக்கொடுத்த கோச்

கேள்வி: அமெரிக்காவில் ஜான் வுடனை பேஸ்கட்பால் கோச்சுகளின் பிதாமகர் மாதிரி பேசுகிறார்களே சார், நிறைய கோப்பை ஜெயித்ததைத் தவிர அப்படி என்ன செய்துவிட்டார்? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கோப்பைக் கணக்கே மலைக்க வைக்கும். 1964 முதல் 1975 வரை 12 வருடத்தில் 10 முறை அவர் கோச்சாக இருந்த, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம்தான் கல்லூரி அணிகளில் தேசிய சாம்பியன், அதில் 7 தொடர்ந்தாற்போல், நடுவில் 88 ஆட்டங்களில் தோல்வியே கிடையாது. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. சீசன் தொடங்கும்போது வீரர்களை உட்காரவைத்து சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுப்பார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கமும் சுருக்கம் இல்லாமல் நீவி விட்டு, அப்புறம் ஷூ லேஸை ஒவ்வொரு துளையாக இறுக்கி, முடிச்சு அவிழாதபடி கட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பிராக்டீஸ் போச்சு, அவ்வளவுதான் காரணம். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெரிய பேஸ்கட்பால் நட்சத்திரம் ஆன 7 அடிப் பையனும் இந்தப் பாடத்தைப் படித்தவர்தான்.

மனிதர் அடிப்படையில் வாத்தியார், இண்டியானாவில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவர். அவருடைய கடைசி சீசனில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கல்லிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிராக்டீஸில் உட்கார்ந்து அவர் பேசியதையெல்லாம் வகைபிரித்து எண்ணினார்கள். பாராட்டு 7 சதவீதம்கூட இல்லை, திட்டும் ஏறக்குறைய அதே அளவுதான், மிச்சத்தில் பெரும்பகுதி எதை எப்படிச் செய்வது என்ற விளக்கம். ஒருவன் தப்பு செய்தால் சரியானதைச் செய்து காட்டி, அவன் செய்ததையும் செய்து காட்டி, மறுபடி சரியானதையே காட்டுவார், எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

1948-ல் யூ.சி.எல்.ஏ.வுக்கு வந்தவருக்கு முதல் கோப்பை கிடைத்தது 16-வது சீசனில். இன்றைக்கு யார் அவ்வளவு காலம் பொறுத்திருப்பார்கள், சொல்லுங்கள்.

கேள்வி: அவரிடம் குறையே கிடையாதா? – ஒரு பி.டி. மாஸ்டர், சிவகாசி

பதில்: உண்டு. சாம் கில்பர்ட் என்ற பணக்கார ரசிகர் கல்லூரி விளையாட்டு விதிக்குப் புறம்பாக யூ.சி.எல்.ஏ. வீரர்களுக்கு உதவிகள் செய்துவந்தார். கில்பர்ட்டை விலக்கி வைக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு உத்தரவு வந்தது, வுடன் ஓய்வு பெற்று 6 வருடம் கழித்து, 1981-ல்தான். வுடன் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. ஆனாலும் வீரனின் சாக்ஸ் சுருக்கத்தைக் கவனித்தவர் இதையும் கவனித்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

இதைச் சொன்னால் 1947-ஐயும் சொல்லியாக வேண்டும். அப்போது அவர் இண்டியானா ஸ்டேட் கல்லூரி கோச். கான்சஸ் சிட்டியில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது, கறுப்பின வீரர்களுக்கு அனுமதி இல்லை என்ற விதியோடு. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவன் இருந்தான், ஸ்டார் எல்லாம் இல்லை, பெஞ்சில் இருப்பவன். அவனை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று அழைப்பையே மறுத்துவிட்டார் வுடன். அடுத்த வருடம் விதி மாறியது. வாக்கரும் போனான், அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரன் அவன்தான், அணியும் ஃபைனல் வரை போனது.