மரபுவழித் தாய்ச்சி நிஜச் சண்டையில் கைகொடுக்குமா?

நீங்கள் கேட்டது இது: மகன் மூன்றாம் படிவம் படிக்கிறான், பள்ளியில் இரண்டு பையன்கள் அவனை வம்புக்கு இழுத்து அடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், "தாய்ச்சிக்கு அனுப்பு, அப்புறம் அவனை யாராலும் அசைக்க முடியாது" என்கிறார். மெதுவான அசைவுகளுக்குப் பேர்போன இந்தச் சீனத் தற்காப்புக்கலை, பழைய முறையில் கற்றால், உண்மையான சண்டைக்கு உதவுமா?

பூங்காவில் சொல்லித்தருவதை மட்டும் நம்பிப் போனால் உதவாது, அடிதான் விழும். தாய்ச்சி பிடிக்காமல் இதைச் சொல்லவில்லை. பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம், தாவரவியல் பூங்காவில், ஹொக்கியன் சீனரான சிஃபு (ஆசிரியர்) ஒருவரிடம் பல வருடமாகப் பழகி வருகிறேன். என்னோடு மலாயில் பேசுவார். பாதி நாள் "ரிலெக்ஸ்லா, ரிலெக்ஸ்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வராது. நடுவில் ஒரு முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) ஜிம்மிலும் சேர்ந்து உதை வாங்கியிருக்கிறேன். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்குப் பலர் யூடியூப் வீடியோவைக் காட்டியே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 2017 ஏப்ரலில் செங்டு நகரில் சூ சியாவ்தொங் என்ற எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக்கலை) வீரர், வெய் லெய் என்ற தாய்ச்சி ஆசிரியரை அரை நிமிடம்கூட ஆகாமல் கீழே தள்ளிக் குத்தியது ஒன்று. 2020 மே மாதம் மா பாவ்குவோ என்ற 69 வயது ஆசிரியர், 50 வயது அமெச்சூர் ஒருவரிடம் அரை நிமிடத்தில் மூன்று முறை விழுந்து, கடைசியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்கு அவரை மேடையேற்றியவர்கள் மீதுதான் கோபம் வந்தது, எழுபதை நெருங்கும் மனிதர். முதல் வீடியோவை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெய் லெய் இரு கைகளையும் விரித்து முன்னால் நீட்டி நிற்கிறார், எதிராளி பாய்ந்ததும் நேராகப் பின்வாங்குகிறார். முகத்துக்கு வரும் குத்தை எதிர்கொண்டு பழகிய உடம்பு இல்லை அது.

என்னைக் கேட்டால் இவற்றைவிட 1954 ஜனவரியில் மக்காவ்வில் நடந்த சண்டையில்தான் விஷயம் இருக்கிறது. வூ பாணித் தாய்ச்சியின் தலைவர் வூ குங்யி அப்போது ஐம்பதைக் கடந்தவர். எதிரே வெள்ளைக் கொக்குப் பாணி என்ற இன்னொரு சீனச் சண்டைக்கலையின் சான் ஹாக் ஃபூ, வயதில் மிகவும் இளையவர். ஹாங்காங்கில் ஷெக் கிப் மெய் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட நடந்த போட்டி. இரண்டு சுற்றோடு நிறுத்தி, யாருக்கும் வெற்றியில்லை என்று அறிவித்துவிட்டார்கள். (சில நாளிலேயே ஹாங்காங் நாளிதழ் ஒன்று அந்தப் பரபரப்பை வைத்து வீரக்கலைத் தொடர்கதை ஒன்றைத் தொடங்கிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் எங்கேயும் பத்திரிகைக்காரர்கள்தான்.) படச்சுருள் இன்றும் கிடைக்கிறது. பேர்பெற்ற இரண்டு ஆசிரியர்கள், ஓய்வுநேரத்தில் அடித்துக்கொள்ளும் பள்ளிப் பையன்களைப் போலக் கையை வீசுகிறார்கள். சானின் மூக்கில் ரத்தம் வந்தது, ஆக தாய்ச்சிக்காரரின் குத்து இறங்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் குத்தில் இதுதான் தாய்ச்சி என்று காட்ட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதற்றம் ஏறியதும் பல வருடம் பழகிய வடிவம் கழன்றுபோய், ஆள் மட்டும் நிற்கிறார்.

கலை அப்படிப்பட்டதா, பழக்கும் முறை அப்படியா? பழக்கும் முறை என்பது என் கட்சி. ஹெனான் மாகாணத்து சென் கிராமத்தில் இது சண்டைக்கலையாகத்தான் இருந்தது. அங்கே கற்ற யாங் லூசான் (1799–1872) பெய்ஜிங் போய் 'வெல்ல முடியாத யாங்' என்று பேர் வாங்கினார். அவர் பேரன் யாங் செங்ஃபு (1883–1936) பரப்பியது மெதுவான, அகலமான அசைவுகள் கொண்ட வடிவம். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் அதையும் சுருக்கி, பொதுமக்கள் உடல்நலத்துக்காக 24 அசைவுகளில் ஒரு வடிவத்தை வெளியிட்டது. இங்கே காலையில் பூங்காக்களில் நீங்கள் பார்க்கும் வகுப்புகளில் பலவும் இந்த வழியில் வந்தவை. உடற்பயிற்சிக்கென்று அமைத்ததைச் சண்டைக்கு உதவவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை. சண்டைக்கு உதவும் என்று சொல்லிக் காசு வாங்குபவரைத்தான் கேட்க வேண்டும்.

பழைய முறையில் புஷ் ஹேண்ட்ஸ் என்று ஒரு பயிற்சி உண்டு. இரண்டு பேர் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து நிற்பார்கள். ஒருவர் தள்ளுவார், மற்றவர் எதிர்த்து முறுக்காமல் இடுப்பைத் திருப்பி அந்த வேகத்தைக் கடத்திவிட்டு, அவர் நிலை தடுமாறும் நொடியில் திருப்பித் தள்ளுவார். எங்கள் சிஃபுவின் கையில் கை வைத்தால் பிடிக்க ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும், அடுத்த கணம் நான் நாலு அடி பின்னால் நிற்பேன். இதில் மாயம் எதுவும் இல்லை. எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைத் தொடுதலிலேயே அவர் படித்துவிடுகிறார்.

முவாய் தாய் ஜிம்மில் ஒரு நண்பனோடு இதைச் சோதித்துப் பார்த்தேன். அவன் தூரத்தில் நின்று இடக்கையால் சும்மா தட்டிக்கொண்டே இருந்தான். என் கை அவன் கையைத் தொடுவதற்குள் அது வந்து மூக்கைத் தொட்டுத் திரும்பிப் போய்விட்டது. தொட்டால்தானே படிக்க முடியும்? அந்தத் தூரத்தில் புஷ் ஹேண்ட்ஸ் பழக்கம் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. அப்புறம் அவன் நெருங்கி வந்து கழுத்தைக் கட்டி முழங்காலால் இடிக்கப் பார்த்தான். அங்கே கதை மாறியது. அவன் இழுத்த பக்கமே போய்த் திரும்பினேன், பலமுறை அவனால் என் நிலையைக் கலைக்க முடியவில்லை. ஒருமுறை அவனே சரிந்தான். அவன் என்னைவிட இளையவன், பலசாலி.

ஆக, தாய்ச்சி வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. உடம்போடு உடம்பு சேர்ந்து, பிடித்து இழுத்துத் தள்ளும் தூரம் அது. அந்தத் தூரத்துக்கு அடி வாங்காமல் போய்ச் சேர்வது எப்படி என்பதை நான் பார்த்த வகுப்புகள் எதிலும் யாரும் பழக்குவதில்லை. குத்து வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது, மூச்சு வாங்கும்போதும் காலை நகர்த்துவது, வலித்த பிறகும் யோசிப்பது, இவையெல்லாம் நிஜமாகவே அடிக்க வரும் ஒருவரோடு பழகினால்தான் வரும்.

மலேசியாவிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஹுவாங் சிங்சியான். ஃபூஜியானில் பிறந்தவர், இளமையில் வெள்ளைக் கொக்குப் பாணி பழகியவர், பிறகு தைவானில் செங் மான் சிங்கிடம் தாய்ச்சி கற்று இந்தப் பக்கம் வந்து ஏராளமான மாணவர்களை உருவாக்கியவர். 1970இல், 60 வயதில், கூச்சிங்கில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் லியாவ் என்ற மல்யுத்த வீரரை 26க்கு 0 என்று வீழ்த்தியதாக அவர் வழிவந்தவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அது பிடித்துத் தள்ளி வீழ்த்தும் போட்டி, தாய்ச்சிக்கு மிகவும் தோதான தூரத்தில் நடந்தது. அவரும் தாய்ச்சிக்கு வருமுன் வேறொரு சண்டைக்கலையில் ஊறியவர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஆட்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சீனர்களைச் சொல்லி நாம் சிரிக்க வேண்டியதில்லை, சிலம்பத்திலும் இதே கதைதான். கோயில் திருவிழாவில் கம்பு சுற்றுவதைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். அதே பையனை, கம்பால் எதிராளியைத் தொடவேண்டிய தொடுமுறைப் போட்டியில் எதிராளி முன் நிறுத்துங்கள். அலங்காரச் சுற்று மட்டும் பழகியவன் முதல் தட்டிலேயே திணறுவான். எதிராளியோடு பொருதிப் பழகியவன் அழகாகச் சுற்றமாட்டான், ஆனால் தட்டு வாங்கமாட்டான்.

தெருச் சண்டை வேறு கணக்கு. இங்கே சாலைத் தகராறில் காரிலிருந்து ஸ்டீயரிங் லாக்கை எடுத்துக்கொண்டு இறங்குகிறவனை எந்தப் பாணியாலும் நம்பி எதிர்கொள்ள முடியாது. மோட்டாரில் வந்து பையைப் பறித்தால், பையை விட்டுவிடுங்கள். வாரைப் பிடித்துக்கொண்டு இழுபட்டால் பையோடு பல்லும் போகும்.

சரி, உங்கள் மகன் விஷயம். அவனை ஜூடோவுக்கோ குத்துச்சண்டைக்கோ அனுப்புங்கள். இரண்டிலும் எதிராளி சும்மா நிற்கமாட்டான், அதுதான் வேண்டும். தாய்ச்சிதான் என்றால் வகுப்பை ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாணவர்கள் காலை நகர்த்திப் புஷ் ஹேண்ட்ஸ் செய்கிறார்களா? வேறு பாணிக்காரர் யாராவது வந்து கை போட்டுப் பார்க்கச் சிஃபு விடுகிறாரா? தொடாமலேயே ஆளைத் தள்ளிக் காட்டுகிறார் என்றால், விழுவதெல்லாம் அவருடைய சொந்த மாணவர்களாக இருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

எதில் சேர்த்தாலும் பலன் தெரிய மாதங்கள் ஆகும். அந்தப் பையன்கள் நாளைக்கே வருவார்கள். அதனால் எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதிக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் கொடுங்கள், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். உடம்பில் காயம் இருந்தால் கிளினிக்கில் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். ஒருவனை இரண்டு பேர் அடிக்கும்போது தற்காப்புக்கலைக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் யோசனையை வீணாக்காதீர்கள், நீங்கள் போங்கள். வயதானவர்கள் கீழே விழுவதைத் தாய்ச்சி குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, நடுவயதில் தொடங்கினால் முழங்காலும் பழகிக்கொள்ளும். தட்டையான காலணி போதும். ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள், வெயில் ஏறினால் ஆட்கள் கோப்பிக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.